"சக்கரத்தை அளக்க மாட்டாங்க"ன்னு வர்ற மெசேஜை நம்பாதீங்க

பிளேன்ல கையோட எடுத்துட்டு போற கேபின் பேக் பத்தி ரெண்டு நாளா குடும்ப குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, "ஐயாட்டா ரூல்படி எல்லா பிளேன்லயும் ஒரே சைஸ் பேக், 10 கிலோ, சக்கரமும் கைப்பிடியும் கணக்குல வராது"ன்னு. தப்புங்க. ஐயாட்டாங்கறது (IATA) உலக ஏர்லைன்களோட சங்கம், அவங்க அப்படி எந்த ரூலும் போடல, 2015ல 55x35x20 செ.மீ.னு ஒரு பொது அளவை யோசனையா சொல்லி, எதிர்ப்பு வந்ததும் அதையும் நிறுத்தி வெச்சிட்டாங்க. சைஸும் வெயிட்டும் ஒவ்வொரு ஏர்லைனும் தானே முடிவு பண்றது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எக்கானமில 7 கிலோ, நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டினா 115 செ.மீ. தாண்டக்கூடாது. சிங்கப்பூர்லேர்ந்து திருச்சிக்கு நம்மாளுங்க நிறைய பேர் போற ஸ்கூட் ஏர்லைன்ல 54x38x23 செ.மீ., 10 கிலோ, ஆனா அந்த 10 கிலோ உங்க ஹேண்ட்பேக்கையும் சேர்த்து, இங்கதான் பலரும் மாட்டிக்கிறாங்க.

சக்கரம்? அதையும் சேர்த்துதான் அளப்பாங்க. கடைல லேபிள்ல போட்டிருக்கறது சில சமயம் வெறும் பெட்டி அளவுதான், சிங்கப்பூர் முஸ்தபா கடைல வாங்குறப்பவே டேப் வெச்சு தரைலேர்ந்து அளந்துடுங்க (கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்). அப்புறம் அம்மா குடுத்த ஊறுகாய் பாட்டில் 100 மில்லிக்கு மேலன்னா செக்-இன் பேக்ல போடுங்க.