முகமது அலி தோற்கவே இல்லையா?

'வாழ்நாளில் ஒரு போட்டியில்கூடத் தோற்காத குத்துச்சண்டை வீரர் முகமது அலி' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு. அலி ஆடிய 61 தொழில்முறைப் போட்டிகளில் வென்றது 56, தோற்றது 5. குத்துச்சண்டைப் போட்டி முடிவுகளைத் தொகுத்து வைக்கும் பாக்ஸ்ரெக் (BoxRec) தளத்தில் அவர் பெயரைத் தேடினால் முழுப் பட்டியலும் வரும்.

முதல் தோல்வி 1971 மார்ச் 8, நியூயார்க்கில். 15ஆம் சுற்றில் ஜோ ஃபிரேசியரின் இடது கை ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) தாடையில் இறங்க, அலி மல்லாந்து விழுந்தார். உடனே எழுந்தும் விட்டார்! எனக்கு அலியைப் பிடித்ததே அதற்காகத்தான். பின்னர் ஃபிரேசியரை இரண்டு முறை வென்றார்.

தோற்காமலே ஓய்வு பெற்ற ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன் ராக்கி மார்சியானோ. 49 போட்டி, 49 வெற்றி. அந்தப் படம் உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.