ஜெர்மனியில் படிக்க விமானக் கட்டணம் மட்டும் போதாது
"ஜெர்மனியில் படிப்பு முழுக்க இலவசம், டிக்கெட் காசு இருந்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டியிருக்கிறது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டணம் விதித்துள்ளது. அங்கே முதுநிலைப் படிப்புக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை ஆகும்.

இதைவிடப் பெரிய தடை, விசாவுக்குப் பலரும் காட்டும் பிளாக்டு அக்கவுன்ட், அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் அதில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட்டாக வேண்டும். அது கட்டணமன்று, மாதம் 992 யூரோவாக மாணவரிடமே திரும்பி வரும்; எனினும் புறப்படுவதற்கு முன்பே அதை மொத்தமாகத் திரட்ட வேண்டும். என் அக்கா மகளுக்காக மாம்பலத்து வங்கியொன்றில் நகையை அடகு வைத்து ரசீதை மடித்து வாங்கிய நாளில், "இலவசம்னு சொன்னாங்களேப்பா" என்று அக்கா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் செலவு தனி. விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தத் தொகைகளை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.