மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள்

கண்டியில் இரண்டு நாள் என்றால் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா போதும் என்கிறது உங்கள் பயணக் கட்டுரை. என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஹட்டனிலிருந்து சனிக்கிழமை காலை ரயிலேறி அடிக்கடி கண்டிக்குப் போகிறவன் நான்.

மாளிகைக்கு எதிரிலேயே நாத தெய்வத்துக்கான 14ஆம் நூற்றாண்டு நாத தேவாலயம் இருக்கிறது (சிங்களவர் தெய்வங்களின் கோயிலைத்தான் இங்கே தேவாலயம் என்கிறோம்). பக்கத்தில் பத்தினி தேவாலயம். பத்தினி வேறு யாருமில்லை, நம் கண்ணகிதான்! பிள்ளைகளுக்கு அம்மை போன்ற நோய் வராமல் காக்கச் சொல்லி சிங்களத் தாய்மார் காலங்காலமாக அவளைத்தான் வேண்டுகிறார்கள். அதைக் கேட்டதும் என் அம்மா கண்கலங்கிவிட்டார். அரை மணிநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் கடைத்தெருவுக்குள் நடந்தால் கதிர்காம தேவாலயம், அது முருகனுக்கு. கண்டியிலேயே கட்டுக்கலைப் பகுதியில் செல்வ விநாயகர் கோயில்.

ஞாயிறு பஸ் பிடித்து மாத்தளை போங்கள். முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் 108 அடி. முடிந்தால் மாசி மகத்துக்குப் போங்கள், ஐந்து தேர்கள் தெருவில் வரும். தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். இதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.