வதனாபேயின் ‘டோச்சிகா’வைப் பின்னணியில் ஓடவிடாதீர்கள்

ஜாஸோடு ராக் கலந்த ‘ஜாஸ் ஃப்யூஷன்’ இசை என்று பேச்செடுத்தாலே "அது லிஃப்ட்ல ஓடுற மியூசிக்தானே" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஜப்பானிய கிதார் கலைஞர் கஸூமி வதனாபேயின் ‘டோச்சிகா’ ஆல்பத்தை ஒரே ஒருமுறை, வேறு வேலை எதுவும் பார்க்காமல் உட்கார்ந்து கேளுங்கள்.

முந்தைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1979-ல் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற ஜப்பானிய எலக்ட்ரானிக் இசைக்குழு உலகச் சுற்றுப்பயணம் போனபோது மேடையில் கிதார் வாசித்தவர் இவர். அந்தக் கச்சேரிகள் 1980-ல் ‘பப்ளிக் பிரஷர்’ என்று இசைத்தட்டாக வந்தன. அதில் இவருடைய கிதார் இல்லை! வேறொரு ரெக்கார்டு கம்பெனியோடு இவருக்கு ஒப்பந்தம் இருந்ததால் கிதாரை நீக்கிவிட்டு, அந்த இடங்களைக் குழுவில் ஒருவரான ரியூச்சி சகமோட்டோ சிந்தசைசரால் நிரப்பினார். அந்தக் கிதாரோடு கச்சேரிப் பதிவு வெளிவர 1991 ஆகிவிட்டது. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

அதே 1980-ல்தான் ‘டோச்சிகா’ வருகிறது. வதனாபேக்கு 26 வயது. ஆனால் 17 வயதிலேயே முதல் ஆல்பம் போட்டவர், புது ஆள் இல்லை. பதிவு நியூயார்க்கில். தயாரித்தவர் மைக் மைனியெரி, உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் கலைஞர். பேஸ் கிதாரில் டோனி லெவினும் மார்கஸ் மில்லரும், டிரம்ஸில் ஸ்டீவ் ஜோர்டனும் பீட்டர் எர்ஸ்கினும். பின்னாளில் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசிக்கப்போகிற மில்லருக்கு அப்போது இருபது வயதுதான்.

இப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவே போய் நிற்பவர் தன் வேகத்தைக் காட்டத்தான் துடிப்பார். வதனாபேயின் விரல்களிலும் வேகம் இருக்கிறது, இந்த ஆல்பத்தின் ‘லிக்விட் ஃபிங்கர்ஸ்’ கேட்டாலே தெரியும். ஆனால் அவர் மெட்டை விட்டுக்கொடுப்பதே இல்லை. ‘யூனிகார்ன்’ மெட்டை முதல் தடவை கேட்பவர்கூட முணுமுணுப்பார். அடியில் பேஸும் டிரம்ஸும் கொதித்துக்கொண்டிருக்கும், மேலே கிதார் அலட்டாமல் பாடும். அந்தப் பளபளப்பைக் கேட்டுத்தான் இதை லிஃப்ட் இசை என்கிறார்கள். சுத்தமாக வாசித்தால் உயிர் இல்லை என்று யார் சொன்னது?

சில கீபோர்டு ஒலிகளில் அந்தக் காலத்து வாசனை அடிக்கிறது, மறுக்கவில்லை. அப்புறம் ‘சயோனாரா’ என்ற பாட்டு வருகிறது. அதைக் கேட்கும்போது மட்டும் என்னிடம் யாரும் பேசாமல் இருந்தால் போதும்.