பாலத்தை விடக் கரை முக்கியம்
ஆற்றின் குறுக்கே ஆறுவழிப் பாலம் வந்தால் போக்குவரத்து நெரிசல் தீரும், கரையோரப் பகுதியும் வளர்ச்சி அடையும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. சாலையை அகலமாக்கினால் புதிய வண்டிகள் வந்து அதை நிரப்பிவிடும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2015இல் திறந்த டிலிக்கம் பாலத்தில் ரயில், பேருந்து, சைக்கிள் போகலாம், நடக்கலாம். தனியார் கார்களுக்கு இடமில்லை. அதே ஊரில் 1974இல் மூடிய ஆற்றோர நெடுஞ்சாலை இருந்த இடம் இன்று பூங்கா. சான்பிரான்சிஸ்கோவிலும் 1989 நிலநடுக்கத்தில் சேதமான எம்பர்காடெரோ மேம்பாலச் சாலையை இடித்த பிறகுதான் விரிகுடாக் கரை மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

இன்னொன்று, பாலத்தின் அணுகுசாலைகள் கரையில் எவ்வளவு நிலத்தை விழுங்கும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. கரையில் அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுக்கும் முன், தண்ணீர் வரை எல்லோரும் நடந்து போக வழி விடுங்கள். அதைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.