அம்மாவின் வயிற்றில் ஒரு சாண் தழும்பு

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் ஆகி இன்றோடு நாற்பது நாள். நாலு சின்ன ஓட்டை வழியாகக் கேமராவும் கருவியும் விட்டு, லேப்ராஸ்கோபியில் முடிந்திருக்க வேண்டியது, வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் தழும்பாகிவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "லேப்ராஸ்கோபின்னு சொல்லிட்டு வயித்தையே கிழிச்சுட்டாங்களே, அந்த டாக்டருக்குக் கை பழகலையா?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. பாதியில் நிறுத்தி, வயிற்றைத் திறந்து ஓபன் செய்துவிடலாம் என்று முடிவெடுத்த அந்த டாக்டரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

லேப்ராஸ்கோபி வேண்டாம் என்பவன் இல்லை நான். என் அப்பெண்டிக்ஸ் அப்படித்தான் போனது. வயிற்றை உப்ப வைக்கக் கார்பன் டை ஆக்சைடு அடைப்பார்கள். அதில் மிஞ்சுவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் உதரவிதானத்தை உறுத்த, வலி தோள்பட்டையில் தெரியும். இரண்டு நாள் அதுதான் படுத்தியது, அப்புறம் எழுந்து நடந்துவிட்டேன்.

ஆனால் பித்தப்பை விஷயம் வேறு. அதற்குப் போகும் ரத்தக்குழாய், பித்தப்பையிலிருந்து வரும் சின்னக் குழாய், இந்த இரண்டுக்கும் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். பக்கத்திலேயே கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய பித்தக்குழாய் ஓடுகிறது. சின்னக் குழாய் என்று நினைத்துப் பெரியதை வெட்டிவிட்டால் மஞ்சள் காமாலை, சீழ், மறுபடி பெரிய ஆபரேஷன் என்று வருஷக்கணக்கில் அலைச்சல்.

ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சர்ஜன் 1985-இல் முதன்முதலாக இப்படிப் பித்தப்பையை எடுத்தபோது அந்த நாட்டு சர்ஜன்களே ஏற்கவில்லை. மும்பையில் டாக்டர் உத்வாடியா 1990-இல் செய்தார். அதற்குள் உலகமே இதன் பின்னால் ஓட ஆரம்பித்திருந்தது. பெரிய குழாய் வெட்டுப்படுவதும் அதோடு அதிகமானது. பித்தப்பைக்குள் போவது அந்த ரத்தக்குழாய், சின்னக் குழாய் என்ற இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் தெளிவாகப் பார்க்காமல் எதையும் வெட்டக்கூடாது என்று 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் அழுத்தி எழுதினார். தெரியவில்லையா, நிறுத்து.

அம்மாவின் வீடியோவை டாக்டர் எனக்குப் போட்டுக் காட்டினார். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, குழைய வெந்த சேனைக்கிழங்கு மாதிரி கிடந்தது. எது குழாய், எது சதை என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. இரண்டு வருஷமாக வலி வரும்போதெல்லாம் "கேஸ்தான்" என்று ஓமத் தண்ணீர் குடித்துச் சமாளித்ததன் பலன் அது. ஒவ்வொரு தடவை வீங்கி வற்றும்போதும் உள்ளே இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது.

ஓபன் செய்ய வேண்டி வரலாம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே எழுதியிருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை.

முதல் ஆளாகக் குறை சொன்ன சித்திக்கும் ஸ்கேனில் கல் இருக்கிறது. சாப்பிட்டால் வலிக்கிறதாம், பொங்கல் கழியட்டும் என்கிறார். நாளைக் காலை டோக்கன் போட்டுவிட்டேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.