பாதி வயித்துக் கணக்கு

(ஜப்பானின் ஒசாகா நகரம், டோட்டோன்போரி கடைத்தெரு. ராத்திரி ஏழு மணி. மாமனார் ஊரிலிருந்து வந்து மூணாவது நாள். மாப்பிள்ளைக்கு இங்கே ஆறு வருஷமாக வேலை.)

மாமா: முதல்லயே சொல்லிடறேன் மாப்ளே. நான் சாப்பிட வரல. வேடிக்கை பார்க்க வந்திருக்கேன்.

மாப்பிள்ளை: சரிங்க மாமா. ஆனா நீங்க என்னென்ன சாப்பிட்டீங்கன்னு அத்தைக்கு வாட்ஸாப்ல லிஸ்ட் போடணும். சுகர் முந்நூறைத் தாண்டினதுலேர்ந்து அவங்க யாரையும் நம்பறதில்ல.

மாமா: போடுங்களேன். பாதி வயித்துக்குத்தான் சாப்பிடுவேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் விமானமே ஏறினேன்... அதென்ன, கடை வாசல்ல இம்மாம் பெரிய நண்டு காலை ஆட்டுது?

மாப்பிள்ளை: விளம்பரம் மாமா, மோட்டார்ல ஓடுது. கியோட்டோக்காரன் துணி வாங்கியே ஓட்டாண்டி ஆவான், ஒசாகாக்காரன் தின்னே ஓட்டாண்டி ஆவான்னு இங்கே ஒரு பேச்சு உண்டு. 'குயிதாவோரே'ம்பாங்க.

மாமா: எனக்குக் கவலையில்ல. சொத்தெல்லாம் உங்க அத்தை பேர்ல இருக்கு. ஓட்டாண்டி ஆகணும்னாலும் அவ கையெழுத்து போடணும். தைரியமா நடங்க.

(குழி குழியான இரும்புக் கல் முன்னால் மாமா நின்றுவிடுகிறார்.)

மாமா: அட, குழிப்பணியாரம்!

மாப்பிள்ளை: தாக்கோயாக்கி. உள்ளே ஆக்டோபஸ் துண்டு. 1935லேர்ந்து இந்த ஊர்ல போடறாங்க.

மாமா: மேல என்னமோ உசிரோட நெளியுதே?

மாப்பிள்ளை: மீனைக் காயவச்சு சீவினது. சூட்டுக்கு ஆடுது. தட்டுக்கு எட்டு.

மாமா: எட்டுல பாதி நாலு. பாதி வயிறு, பாதித் தட்டு. சத்தியத்துக்குப் பங்கம் இல்ல. லிஸ்ட்ல 'பணியாரம்'னு போடுங்க.

மாப்பிள்ளை: உள்ளே கொதிக்கும் மாமா, பாத்து...

மாமா: ஹா... ஹூ... ஹோ!

மாப்பிள்ளை: தண்ணி?

மாமா: (கண்ணீரோடு) வேணாம்... பிரமாதம். நீங்க என்ன பேசிட்டே நிக்கறீங்க? உங்க நாலும் ஆறிப்போகுது. ஆறினா நல்லாருக்காது, இப்படிக் கொடுங்க.

(அடுத்த கடை. மேஜை நடுவே சுடுகல்.)

மாமா: இது?

மாப்பிள்ளை: ஒகோனோமியாக்கி. மாவுல முட்டைக்கோஸ், முட்டை, கணவாய் எல்லாம் கலந்து கல்லுல ஊத்தறது. 'ஒகோனோமி'ன்னா உங்களுக்குப் பிடிச்ச மாதிரின்னு அர்த்தம்.

மாமா: எனக்குப் பிடிச்ச மாதிரின்னு பேரே வச்சிருக்கான். வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்குமா? 'முட்டைக்கோஸ்'னு மட்டும் போடுங்க. காய்கறி சாப்பிடச் சொல்லிட்டே இருப்பா.

(சுரங்க ரயிலில் பக்கத்து நம்பா ஸ்டேஷனிலிருந்து ரெண்டே நிறுத்தம். ஷின்செக்காய் பேட்டை. மாமா ரயிலில் மாத்திரை போட்டுக்கொண்டார், அதையும் லிஸ்டில் சேர்க்கச் சொன்னார்.)

மாப்பிள்ளை: இங்கே குஷிகாத்சுதான் விசேஷம். இறால், காடை முட்டை, வெங்காயம், தாமரைக் கிழங்கு, எதையும் குச்சியில குத்தி, மாவுல தோய்ச்சுப் பொரிச்சுடுவாங்க. கூட ஒரு பீர் சொல்லவா?

மாமா: பார்லியில பண்றதுதானே? எனக்கு பார்லித் தண்ணி நல்லதுன்னு அவளே சொல்லியிருக்கா. சொல்லுங்க.

மாப்பிள்ளை: மாமா, இந்த சாஸ் தொட்டி எல்லாருக்கும் பொது. இப்பல்லாம் நிறைய கடையில பாட்டில் வந்துருச்சு, இங்கே இன்னும் தொட்டிதான். ஒரு தடவைதான் தொடணும். கடிச்சிட்டு மறுபடி... மாமா! மாமா!

(கடைக்காரர் கல்லாவிலிருந்து குரல் கொடுக்கிறார்.)

மாமா: என்னங்கறான்?

மாப்பிள்ளை: கடிச்சதைத் தொட்டியில விடாதீங்கன்னு. சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கு.

மாமா: எச்சப் பண்ணக் கூடாதுங்கறானா? அப்படிப் போடு! நம்ம ஆளுய்யா! எங்கம்மா சொல்லாத நாளே கிடையாது. இவன்கிட்ட இன்னும் ஆறு குச்சி வாங்கலேன்னா பாவம்.

மாப்பிள்ளை: சாஸ் பத்தலேன்னா இந்த முட்டைக்கோஸ் இலையால மொண்டு ஊத்திக்கலாம்.

மாமா: மறுபடியும் முட்டைக்கோஸ்! லிஸ்ட்ல ரெண்டு தடவை காய்கறி வந்துருச்சு பாத்தீங்களா? ஆமா, வெளியில தெரியுதே, அதென்ன கோபுரம்?

மாப்பிள்ளை: சூத்தென்காக்கு. பழசு போனப்புறம் 1956ல திரும்பக் கட்டினது.

மாமா: கோபுரம் தெரியற மாதிரி என்னை ஒரு போட்டோ எடுங்க. கோபுர தரிசனம் கோடி புண்ணியம். அவளுக்கு அனுப்புங்க, மனசு குளிரும்.

(அனுப்பினார். இங்கே ராத்திரி ஒன்பது மணி என்றால் ஊரில் சாயங்காலம் அஞ்சரை. அத்தை விழித்துத்தான் இருந்தார்.)

மாப்பிள்ளை: பதில் வந்துருச்சு மாமா. 'கோபுரம் அழகா இருக்கு. அவர் மீசையில என்ன வெள்ளையா?'

மாமா: பார்லித் தண்ணின்னு போடுங்க.

மாப்பிள்ளை: போட்டேன்... 'பார்லித் தண்ணி என்னைக்கு நுரைச்சுது?'ங்கறாங்க.

(மௌனம்.)

மாமா: தட்டுல இன்னும் எத்தனை இருக்கு?

மாப்பிள்ளை: ரெண்டு குச்சி.

மாமா: பாதி எனக்கு. இன்னொண்ணை நீங்க சாஸ்ல தொட்டுட்டீங்களா?

மாப்பிள்ளை: இன்னும் இல்ல மாமா.

மாமா: அப்ப அதையும் இப்படித் தள்ளுங்க.